அம்பாசிடர் டேங்கில் துரு: கழற்றுவதிலிருந்து காயவைப்பது வரை

வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் சீராக ஓடுகிறது. மேம்பாலம் ஏறினால் மட்டும் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, பிளக் வயரை நாலு தட்டு தட்டி, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்புகிறது. பிளக் வயரைத் தட்டியதால்தான் சரியாயிற்று என்று அடுத்த ஒரு மாதம் நம்பிக்கொண்டிருப்போம்.

உண்மையில் நடப்பது வேறு. டேங்கின் அடியில் பொருக்காகக் கிடக்கும் துரு, என்ஜின் அதிகமாக பெட்ரோல் கேட்கும்போது உறிஞ்சு குழாயின் வலைமேல் போய் அப்பிக்கொள்கிறது. என்ஜின் நின்றதும் இழுப்பு போய்விடுவதால் பொருக்கு மறுபடி அடியில் உதிர்கிறது. அந்த ஐந்து நிமிட ஓய்வுதான் மருந்து, பிளக் வயர் அல்ல. இந்த அறிகுறி தெரிந்தால் கார்புரேட்டரைப் பிரித்து மாதக்கணக்கில் ஊசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டாம். பின்னால் போய் டேங்கைப் பாருங்கள்.

என் வண்டி பெரியப்பாவிடமிருந்து வந்த 1986 மார்க் 4 பெட்ரோல் அம்பாசிடர். திருவொற்றியூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு ஷெட்டில் ஏழு வருடம் கால் டேங்க் பெட்ரோலோடு நின்றது. டேங்கைக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கால் டேங்க் பெட்ரோல் என்றால் முக்கால் டேங்க் ஈரக்காற்று. பகலில் வெளியேறி இரவில் உள்ளே வரும் காற்று குளிர்ந்த தகட்டில் வியர்த்து, துளித்துளியாக வழிந்து, பெட்ரோலைவிடக் கனமான தண்ணீராக அடியில் போய் உட்காரும். மேல்பாதியில் பனிபோல் படர்ந்த மெல்லிய துருவும், அடியில் நீர் தேங்கும் மூலையில் ஆழமான அரிப்பும் இப்படித்தான் வருகின்றன.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2023-இல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலவைதான் இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்குமேல் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கும். பல வருடம் ஒட்டியிருந்த பிசினையும் எத்தனால் கரைத்துவிடுவதால், அதுவரை பேசாமல் இருந்த துரு திடீரென்று உதிர ஆரம்பிக்கும். "நல்லா ஓடிட்டிருந்த வண்டி, புது பெட்ரோல் போட்டதும் மக்கர் பண்ணுது" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

முதலில் பார்வை

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றை மாட்டி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். செம்பழுப்புத் தூள் சேர்ந்தால் அதை வெள்ளைத் துணியில் கொட்டி, துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். துகள் பின்னாலேயே வந்தால் அது இரும்புத் துரு என்று உறுதி. ஆனால் சாதாரணச் செந்துருவைக் காந்தம் அவ்வளவாக இழுக்காது. அதனால் அசையாவிட்டால் துரு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் பழைய பெட்ரோலின் பிசின் அல்லது கரைந்துகொண்டிருக்கும் ரப்பர் ஹோஸ்.

டேங்குக்குள் எட்டிப்பார்க்க, மொபைலில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை நினைக்காதவர் இல்லை. பெட்ரோல் இருக்கும் டேங்கில் அதை விடாதீர்கள். காலிசெய்து கழுவிய பிறகுதான்.

கழற்றுவது

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். நிறைந்த டேங்கில் ஆவி அளவுக்கு மீறி இருக்கும். காலியாக்கிய டேங்கில்தான் அது இந்த எல்லைக்குள் வருகிறது. "காலி டேங்க்தானே" என்பவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தரையாக ஊர்ந்து போகும். போர்ட்டிகோவில் வேலை செய்தால் வீட்டுக்குள் எரியும் சாமி விளக்குவரை அது போகலாம். திறந்தவெளியில், காலை நேரத்தில், வீட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மின்சார டிரில், கம்பியிழுத்த குண்டு பல்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோலை உலோகக் கேனில் வடித்தெடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் பெட்ரோல் விழும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டக்கூடும். கேனையும் டேங்கையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிட்டு வடிப்பது நல்லது. வாயால் உறிஞ்சி ஹோஸில் இழுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கைப்பம்பு வாங்குங்கள், விலை ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். டேங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். டேங்கில் மிதவையோடு உட்கார்ந்து பெட்ரோல் அளவைச் சொல்லும் மீட்டர் யூனிட்டை இளக்க இரும்பு உளி கூடாது. பித்தளைக் கம்பியோ கட்டைச் சிலாகையோ வைத்துத் தட்டுங்கள், பொறி வராது. யூனிட்டைத் தூக்கும்போது மிதவைக் கம்பி வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும். வளைந்தால் பிறகு எப்போதும் "அரை டேங்க்" என்று பொய் சொல்லும் மீட்டரோடு வாழ்க்கை நடத்த வேண்டிவரும். எந்த வயர் எங்கே, எந்த ஹோஸ் எங்கே என்று கழற்றுவதற்கு முன் நாலு போட்டோ எடுத்துவையுங்கள்.

கழற்றியதும் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீர் ஊற்றிக் குலுக்கி வடியுங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள். பெட்ரோல் வாசம் போகும்வரை என்பது பழைய அளவுகோல். ஆனால் நம் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும், அதனால் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். பிறகு வாய்களைத் திறந்துவைத்து ஒரு நாள் காயட்டும். இவ்வளவுக்குப் பிறகும் அதை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போகாதீர்கள். தகட்டின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூடுபட்டால்தான் வெளியே வரும். டேங்க் வெடித்து இறந்த வெல்டர்களின் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது.

ஓட்டை பார்ப்பது

வாய்களை அடைத்து, ஒரு குழாய் வழியே சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று கொடுத்து, வெளியே சோப்பு நுரை தடவுங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடை கம்ப்ரசரை நேரடியாக வைத்தால் டேங்க் பலாப்பழம் போல உப்பிவிடும். நுரையில் முட்டை விட்டால் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு ஊசித் துளை என்றால் டேங்கைக் காப்பாற்றலாம். அடித்தகட்டை விரலால் அழுத்தும்போது பப்படம் போல நொறுங்கினால் வேலையை இங்கேயே நிறுத்திவிட்டு வேறு டேங்க் தேடுவது புத்திசாலித்தனம். அம்பாசிடருக்கு இந்த வசதி உண்டு. 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்துகொண்டிருந்த வண்டி என்பதால், சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் நாலு கடை ஏறினால் ஒன்று அகப்படும்.

பழைய டேங்குகள் பலவும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுபெற்ற தகட்டில் செய்யப்பட்டவை. மங்கலான சாம்பல் நிறத்தில் தெரியும். அந்தப் பூச்சுதான் இத்தனை வருடம் டேங்கைக் காத்தது. வெளிப்பக்கத்தை உலர்வாக உப்புத்தாள் போட்டால் ஈயத்தூளை மூச்சில் இழுப்போம். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், வேலை முடிந்து கைகழுவாமல் டீ கிளாஸைத் தொடக்கூடாது.

உதிர்ப்பது

ரசாயனத்துக்கு முன்னால் தளர்ந்த பொருக்கை உடைத்து வெளியேற்றினால் பாதி வேலை முடிந்தது. சிலர் ஜல்லியைப் போடுவார்கள், சிலர் நட்டு போல்ட்டு. நான் இரண்டு மீட்டர் இரும்புச் சங்கிலி போடுகிறேன். டேங்குக்குள் பெட்ரோல் அலம்பாமலிருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் போன நட்டு, முருங்கை மரம் ஏறின வேதாளம்தான். சங்கிலியின் ஒரு நுனியை வெளியே கம்பியில் கட்டிவைத்தால் இழுத்து எடுத்துவிடலாம். நட்டு போட்டே தீருவேன் என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

கொஞ்சம் தண்ணீரும் சோப்பும் ஊற்றி, டேங்கைப் பழைய மெத்தையிலோ ஜமுக்காளத்திலோ சுற்றி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் குலுக்குங்கள். இரண்டு பேர் வேண்டும், அரைமணி நேரத்துக்கு ஒருமுறை தோள் கெஞ்சும். கட்டட வேலைக்கு வாடகைக்கு விடும் கலவை மெஷினுக்குள் மெத்தையோடு கட்டிச் சுற்றவிட்ட நண்பர் ஒருவர் உண்டு. நன்றாகத்தான் வந்தது. தண்ணீர் செங்காவி நிறத்தில் வருவது குறையும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

எந்த அமிலம்?

முதல் தடவை நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். டிங்கர் பாய் ஒருவர், "பாத்ரூம் ஆசிட் ரெண்டு பாட்டில் ஊத்துங்க சார், அரைமணி நேரத்துல எவர்சில்வர் மாதிரி ஆயிடும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வெள்ளிபோல மின்னியது. சாயங்காலம் தண்ணீரில் அலசி, வாயைத் திறந்துவைத்துத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் உள்ளே முழுக்க ஓட்டுவீட்டுக் கூரை நிறம், கூடவே அடித்தகட்டில் மூன்று புதுத் துளைகள். பாயைக் கேட்டால், "அலசினதும் காயவெக்கலியா சார்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான், ஆனால் பாதிதான். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவோடு நிற்காமல் நல்ல இரும்பையும் தின்னும், ஈயப் பூச்சையும் கெடுக்கும். தகட்டு மடிப்பில் தங்கும் குளோரைடு, ஈரம் பட்டபோதெல்லாம் துருவை மறுபடி கிளப்பும். துளையை அமிலம் புதிதாகப் போடவில்லை, துரு அடைத்துவைத்திருந்ததைத் திறந்துவிட்டது என்றும் சொல்லலாம். எப்படியோ அந்த டேங்க் காயலான் கடைக்குப் போயிற்று. புதுப்பேட்டையில் வாங்கிய பழைய டேங்கில்தான் கீழே சொல்லும் முறையைச் செய்தேன்.

வீட்டில் செய்பவருக்கு என் தேர்வு சிட்ரிக் ஆசிட், அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளைத் தூள். சென்னைக்காரர்கள் பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கிலோக் கணக்கில் வாங்கலாம். லிட்டருக்கு 50 கிராம் போதும். அம்பாசிடர் டேங்க் ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும், ஆகவே ஏறக்குறைய 3 கிலோ. வெந்நீரில் கரைத்து ஊற்றினால் வேகம் கூடும். வாய்வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் மேல்பாதியில் வேலை நடக்காது, நீர்மட்டக் கோட்டில் தனியாக ஒரு அரிப்பு வளையமும் விழும்.

பெட்ரோல் போகும் குழாயில் சிறு ஹோஸ் மாட்டி, அதில் போல்ட் திணித்து கிளிப் போட்டு அடையுங்கள். மீட்டர் யூனிட் துளைக்கு ரப்பர் ஷீட்டும் தகடும். மேல்வாயை மட்டும் இறுக்கி மூடக்கூடாது. அமிலம் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதற்குப் போக வழி வேண்டும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். துரு போன இடம் மங்கலான சாம்பல் நிறமாக இருக்கும், கறுப்பாக ஒரு படலம் துடைத்தால் கையோடு வரும். மின்ன வேண்டியதில்லை. இன்னும் திட்டுத்திட்டாக இருந்தால் கரைசலை வடித்து, சங்கிலியை ஒரு சுற்று போட்டு, புதுக் கரைசலில் இன்னொரு அரைநாள். ஒரே கரைசலை மூன்று நாள் விட்டுவைத்தால் துருவுக்குப் பதில் இரும்பு கரையும்.

பாஸ்பாரிக் ஆசிட் இதைவிட வேகம். இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்வதால் உடனே மறுபடி துருப்பிடிப்பது குறையும். கடையில் கிடைக்கும் துரு நீக்கிகள் பலவற்றிலும் அதுதான் இருக்கிறது. நீர்த்து, கையுறை கண்ணாடியோடு பயன்படுத்தினால் நல்லது. வினிகர் வேலை செய்யும், ஆனால் ஐம்பது லிட்டர் வினிகருக்கு ஊறுகாய்க் கம்பெனிதான் வைக்க வேண்டும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இரண்டு வாரம் ஊறவைக்கும் முறையும் உண்டு. மெதுவானது, இரும்பை அதிகம் தொடாதது, ஆனால் தெருவே மூக்கைப் பிடிக்கும். புளி கரைத்து ஊற்றலாமா என்று அம்மா கேட்டார். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, டேங்குக்குள் சக்கையை யார் எடுப்பது?

பேட்டரி சார்ஜர் வைத்துச் செய்யும் மின்பகுப்பு முறையைப் பலர் புகழ்கிறார்கள். சலவைச் சோடா கரைசல், டேங்குக்கு நெகட்டிவ், உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பிக்கு பாசிட்டிவ். மோட்டார் சைக்கிள் டேங்குக்கு அருமை. கார் டேங்கில் கம்பியின் நேர்ப்பார்வை படாத தடுப்புத் தகட்டின் பின்பக்கம் துரு அப்படியே இருக்கும். செய்வதானால் எவர்சில்வர் கம்பி போடாதீர்கள், நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். சமையல் உப்பும் போடாதீர்கள், குளோரின் வரும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து கிளம்புவதால், கிளிப்பைத் தொடுமுன் சார்ஜரைச் சுவரில் அணைத்துவிடுங்கள்.

அந்த ஒரு மணி நேரம்

துருவை எடுப்பது பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். அமிலத்தை வடித்ததிலிருந்து எண்ணெய்ப் படலம் ஏறும்வரையான நேரத்தில்தான் டேங்கின் விதி தீர்மானமாகிறது. சுத்தமான இரும்பு ஈரத்தோடு காற்றில் நின்றால் கண்முன்னே மஞ்சளாகும். அதனால் அடுத்து வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குமேல் நல்ல வெயிலில்தான் வடிக்கத் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வடித்ததும் ஒரு வேகமான அலசல். உடனே லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கரைத்த தண்ணீர் பத்துப் பதினைந்து லிட்டர் ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். நுரைத்துப் பொங்கும், மூடியைப் போடாதீர்கள். பொங்கல் அடங்கி, நீல லிட்மஸ் தாள் சிவக்காமல் இருந்தால் போதும். அடுத்து கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் அலசல். இதை விட்டுவிடாதீர்கள். தகடு சூடாகிவிடுவதால் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். தலைகீழாகக் கவிழ்த்து வடித்து, கம்ப்ரசர் காற்றைத் திறந்த வாய் வழியாக மூலைமுடுக்கெல்லாம் அடியுங்கள். உறிஞ்சு குழாய், காற்றுப் போக்கிக் குழாய் இரண்டிலும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

தடுப்புத் தகட்டு இடுக்கில் இன்னும் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றிப் புரட்டினால் அது தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும். இதுவும் பற்றக்கூடியது. இதற்குப் பிறகு ஹேர் டிரையர், ஹீட் கன் எதையும் டேங்குக்குள் காட்டாதீர்கள், காற்றும் வெயிலும் போதும். கடைசியாக ஒரு லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றி, உள்சுவர் எல்லாம் நனையும்படி சுழற்றி வடித்துவிடுங்கள். இப்போது நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

சீலர் தேவையா?

சீலர் என்பது டேங்கின் உள்சுவரில் ஊற்றிப் படரவிட்டு இறுகவிடும் பூச்சு. துளை இல்லாத டேங்குக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஒழுங்காக ஒட்டாத சீலர் இரண்டு வருடத்தில் தோல் தோலாக உரிந்து, துருப் பொருக்கைவிட மோசமாகக் குழாயை அடைக்கும். அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம். ஊசித் துளைகள் இருந்தால், எத்தனால் தாங்கும் என்று டின்னில் தெளிவாக எழுதியிருக்கும் எபாக்சி வகையை வாங்குங்கள். எண்ணெய்ப் படலம் ஏற்றுவதற்கு முன்பே, முழுக்க உலர்ந்த டேங்கில் ஊற்ற வேண்டும். எண்ணெய் பட்டால் ஒட்டாது. குழாய்களில் பஞ்சு திரித்து அடைத்து, சீலரைச் சுழற்றி, மிச்சத்தை முழுக்க வடித்து, இறுகுமுன் பஞ்சை உருவி ஊதிவிட வேண்டும். காயும் நாட்களை டின்னில் உள்ளபடி எண்ணுங்கள், ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். வெளியே எம்-சீல் அப்புவது வழியில் மாட்டிக்கொண்டவருக்கான தற்காலிக ஏற்பாடு மட்டும்.

மாட்டுவது

பழைய கார்க் பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் கார்க்குக்குப் பூசிய அரக்கு, எத்தனாலில் கரையும். எத்தனால் தாங்கும் ரப்பர் பேக்கிங்கும், அதே தரத்தில் புது ஹோஸும் மாட்டுங்கள். மீட்டர் யூனிட்டின் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா என்று கேட்கும். சலசலத்தால் மிதவை ஓட்டை. எர்த் வயர் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் வேலை செய்யாது. பம்பின் கிண்ணம், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் இரண்டையும் இப்போதே கழுவிவிட வேண்டும். டேங்கைச் சுத்தம் செய்துவிட்டு இவற்றை மறப்பவர்கள் பழைய தூளிலேயே மறுபடி நிற்பார்கள்.

முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் அடியில் செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். சொட்டு இல்லையென்றால் ஓட்டிப் பார்த்துவிட்டு டேங்கை நிரப்புங்கள். பம்புக்கு முன் புது ஃபில்டர் கட்டாயம். 100 கிலோமீட்டரில் ஒன்று, 500 கிலோமீட்டரில் இன்னொன்று மாற்றுங்கள். முதல் ஃபில்டரில் கொஞ்சம் பழுப்பு தெரிந்தால் பதற வேண்டாம், மடிப்புகளில் ஒளிந்திருந்த மிச்சம் அது.

வடித்த அமிலத்தில் இரும்போடு ஈயமும் இருக்கக்கூடும். சோடா போட்டு நடுநிலையாக்கினாலும் கிணற்றடியிலோ தென்னைமரத்தடியிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாதீர்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் சேற்றை டப்பாவில் அடைத்து வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். பழைய பெட்ரோலைத் துணியில் வடிகட்டி வேறு வண்டிக்கு ஊற்றும் ஆசையும் வேண்டாம்.

என் வண்டி இப்போது ஞாயிற்றுக்கிழமை வண்டி. வாரம் ஒருமுறை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று, திரும்பும் வழியில் பங்க்கில் டேங்க் நிரப்பல். "இவ்வளவு கம்மியா ஓட்டுற வண்டிக்கு எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும் ஃபுல்?" என்று பங்க் பையன் கேட்கிறான். "காத்துக்கு இடம் விடக் கூடாது தம்பி" என்று சொன்னால் சந்தேகமாகப் பார்க்கிறான்.